பிள்ளையின் வயிற்றுவலியும் போனில் வந்த படமும்

போஷாக்கு, இரத்தச்சோகை, வயிற்றோட்டம் என்று உடம்புக்கு வரும் வருத்தங்களைப் பற்றித்தான் நாம் கூட்டங்களில் கூடுதலாகப் பேசுகிறோம். இன்றைய பாடம் வளர்ந்த பிள்ளைகளின் மனதுக்கு வரும் ஒரு வருத்தத்தைப் பற்றியது. இது அழுக்குத் தண்ணீராலோ நுளம்பாலோ வருவதல்ல. வீட்டில் நாமே வாங்கிக் கொடுத்த போன் வழியாக வருவது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்தத் தோட்டத்திலும், எந்த லயத்திலும் இருக்கக்கூடிய குடும்பம்தான். அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை; தீபாவளிக்கும் தேருக்கும்தான் வருவார். மூத்த பிள்ளை தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு வரை படித்துவிட்டு, இப்போது டவுன் பாடசாலையில் பத்தாம் ஆண்டு. கெட்டிக்காரப் பிள்ளை. பஸ்ஸுக்கு ஒரு கட்டை தூரம் நடந்து போய் வந்தாலும் ஒரு நாள் மட்டம் போட்டதில்லை.

அந்தப் பிள்ளை ஒரு திங்கட்கிழமை காலையில் எழும்பவில்லை.

"அம்மா, வவுறு வலிக்குது. இன்னைக்கி ஸ்கூலுக்குப் போகல்ல."

"நேத்து நல்லாத்தானே இருந்த புள்ள? ஏதும் பரீட்சையா?"

"ஒன்னுமில்லம்மா. விடுங்க."

அடுத்த திங்களும் வயிற்றுவலி. பிறகு புதன்கிழமையும் வந்தது. தோட்ட டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். பக்கத்துக் காம்பரா பெரியம்மா, "பீலிப் பக்கம் எதையோ பார்த்துப் பயந்திருக்கா" என்று சொல்ல, கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. பிள்ளை சோற்றைப் பிசைந்தபடியே இருக்கிறாள். இராத்திரியில் தூக்கமில்லை. போனில் சத்தம் வந்தால் திடுக்கிடுகிறாள். மூன்றாவது மாதம் ஒரு நாள் சொல்கிறாள்: "அம்மா, நா படிச்சது போதும். கார்மென்ட்டுக்குப் போறேன்."

நடந்தது என்னவென்றால், பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மலையிலிருந்து நேரே போயிருந்தார். காலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு, படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரமில்லாமல், தலைத்துண்டோடு பஸ் ஏறினார். சேலைக் கரையில் சேறு. பாடசாலை வாசலில் நின்ற யாரோ ஒரு மாணவன் அவரைப் போனில் படம் பிடித்தான். அன்று மாலையே அந்தப் படம் "தோட்டக்காட்டு ராணி" என்று எழுத்து போட்ட ஸ்டிக்கராகி, வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. ஒருவர் சிரித்தார், பத்துப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் அந்தப் பிள்ளையின் பெயர் 'ராணி'. கணக்குப் பாடக் குறிப்பு கேட்டாலும் பதிலாக அந்த ஸ்டிக்கர்தான் வரும். ஒரு மாதத்தில் பேஸ்புக்கில் அவளுடைய பெயரிலேயே ஒரு பொய்க் கணக்கு. அதிலும் அம்மாவின் படம்.

'தோட்டக்காட்டான்' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நம்முடைய பாட்டன், பாட்டிமார் டவுன் கடைகளிலும் பஸ்ஸிலும் கேட்ட சொல்தான். அன்றைக்குச் சொன்னவன் வாயோடு அது போயிற்று. இன்று அது படமாகி, இராத்திரி பதினொரு மணிக்கும் பிள்ளையின் தலையணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

சரி, பிள்ளை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? இந்தப் பாடத்தில் நாம் முக்கியமாக யோசிக்க வேண்டியது இதைத்தான். முதல் காரணம், படத்தில் இருப்பது அம்மா. சொல்லப் போனால் படத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் அம்மாவின் மனம் என்ன பாடுபடும் என்று பிள்ளைக்குத் தெரியும். இரண்டாவது, போன் பறிபோகும். சீட்டுக் காசு எடுத்து வாங்கிய போன். பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. மூன்றாவதுதான் பெரிய பயம். "இந்தக் கேவலத்துக்கா ஒன்ன டவுனுக்கு அனுப்பினோம்? போதும், வூட்ல இரு" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் படிப்பே முடிந்தது. பொம்பளைப் பிள்ளை என்றால், அடுத்த பேச்சு கொழும்பில் வீட்டு வேலை அல்லது அவசரக் கல்யாணம். குற்றம் செய்தவன் பாடசாலைக்குப் போய்க்கொண்டே இருப்பான். துன்பப்பட்டவள் வீட்டில் இருப்பாள். இப்படி நடந்ததைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இந்தப் போன் நம்முடைய லயங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதத்தில் கொரோனா காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை பேசுவதற்கு மட்டும் இருந்த சிறிய போன் போதாமல், கடன்பட்டு டச் போன் வாங்கினோம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் பாறைக்கும் ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். படிப்புக்காக வந்த சாமான் அது. அதை எப்படிப் பாவிப்பது என்று பெற்றோருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, பிள்ளைக்கும் சொல்லித் தரவில்லை. ஆகவே நடந்ததற்குப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி பண்ணுவது எந்தக் காலத்திலும் உள்ளதுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். விளையாட்டுக் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நோர்வே நாட்டுப் பேராசிரியர் டான் ஒல்வியஸ் 1970 களிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்து மூன்று அடையாளங்களைச் சொன்னார்: நோகடிக்க வேண்டும் என்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவருக்குச் செய்வது. நமது கதையில் மூன்றும் இருக்கின்றன. டவுன் பிள்ளைகள் பலர், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. போனில் செய்யும்போது ஒரே தடவை அனுப்பினாலும் போதும். அடுத்தவர்கள் தட்டித் தட்டி அனுப்பி அதை நூறு தடவையாக்கிவிடுவார்கள். அனுப்புகிறவனுக்கு எதிரே நிற்பவரின் அழுகை தெரியாது. அது தெரியாததால்தான், நேரில் சொல்லப் பயப்படும் பேச்சையும் போனில் தைரியமாக அனுப்புகிறான்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பருவத்தில் பெற்றோரின் பேச்சைவிடக் கூட்டாளிமாரின் பேச்சு பெரிதாகத் தெரியும். அது திமிர் அல்ல, வளர்ச்சியின் இயல்பு. ஆத்திரத்தை அடக்கவும் பின்விளைவை யோசிக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயது கடந்தும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்னரும், பாதி 18 வயதுக்கு முன்னரும் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த வயதில் ஒரு பிள்ளை மாதக்கணக்காக அவமானப்பட்டால் மனச்சோர்வும் பதற்றமும் வரலாம். பல பிள்ளைகளில் அது முதலில் உடம்பில்தான் தெரியும். வயிற்றுவலி, தலைவலி, வாந்தி வருவது போன்ற உணர்வு. அது நடிப்பல்ல. வலி உண்மையான வலி. காரணம் மட்டும் வயிற்றில் இல்லை. ஆகவே பாடசாலை நாட்களில் மட்டும் வந்து லீவு நாட்களில் இல்லாமல் போகும் வலியைக் கண்டால், குளிசையோடு நிற்காமல் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நித்திரை இல்லாமை, சாப்பாட்டில் வெறுப்பு, கூட்டாளிமாரை விட்டு விலகுவது, பரீட்சைப் புள்ளி திடீரென்று இறங்குவது, யாராவது பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் சும்மா விட வேண்டாம். ஆம்பளைப் பிள்ளைகளிடம் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் தெரியும். "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடாதீர்கள்.

இனி நமது குடும்பத்துக்கு வருவோம். விஷயத்தை வெளியில் விட்டது தம்பி. "அக்காவ போன்ல எல்லாரும் ராணின்னு சொல்றாங்கம்மா" என்று பிள்ளைக் காம்பரா வாசலில் வைத்துச் சொல்லிவிட்டான். அம்மா இராத்திரி அடுப்படியில், பாத்திரம் கழுவுகிற சாக்கில் பேச்சை எடுத்தார். முகத்துக்கு நேரே உட்கார வைத்து விசாரித்தால் இந்த வயதுப் பிள்ளைகள் பேச மாட்டார்கள்; ஏதாவது வேலை செய்துகொண்டே பேசினால் சொல்வார்கள்.

"புள்ள, போன்ல யாரோ ஒன்ன கரச்சல் படுத்துறாங்களாம். நா போன பறிக்க மாட்டேன். ஸ்கூல நிப்பாட்டவும் மாட்டேன். என்னான்னு மட்டும் சொல்லு."

இந்த வசனங்களைக் கவனியுங்கள். பிள்ளை எதற்குப் பயந்து வாய் மூடியிருந்ததோ, அந்தப் பயங்களைக் கேள்வி கேட்பதற்கு முன்பே அம்மா எடுத்துவிட்டார். பிள்ளை அழுதாள், பிறகு படத்தைக் காட்டினாள். அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"இது நாந்தானே. கொழுந்தெடுக்கிற நா வேற எப்படி இருப்பேன்? இதுக்கா மூனு மாசமா சாப்பிடாம கெடந்த?"

அம்மாவுக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகவே வலித்தது. அதைப் பிள்ளையின் தலையில் இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். "நீ ஏன் அந்தக் குரூப்ல இருந்த?" என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் பிள்ளை மறுபடியும் வாயை மூடிவிடும்.

அடுத்து அவர்கள் செய்தது படத்தை அழிப்பதல்ல. அவசரத்தில் நம்மில் பலர் செய்யும் பிழை இதுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிறகு பாடசாலைக்குப் போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. முதலில் அந்தச் செய்திகளை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அனுப்பியவரின் இலக்கம், திகதி, நேரம் தெரிய வேண்டும். பொய்க் கணக்கு என்றால் அதன் பெயரும் படமும் தெரியும்படி எடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாய் என்றால் நம்பிக்கையான ஓர் ஆளின் உதவியை எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தை "பாருங்க என்ன அநியாயம்" என்று வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், நாமும் பரப்பியவர்களாகிவிடுவோம். சாட்சியை எடுத்த பிறகு அந்த இலக்கத்தை புளொக் பண்ணி, பொய்க் கணக்கை பேஸ்புக்குக்கு ரிப்போர்ட் பண்ணலாம். பதிலுக்குத் திட்டி எழுதக் கூடாது. எழுதினால், இரண்டு பக்கமும் பிழை என்று விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

வட்ஸ்அப்பில் ஒரு சிறிய வேலையும் உண்டு. செட்டிங்ஸ், பிறகு பிரைவசி, பிறகு குரூப்ஸ் என்ற இடத்துக்குப் போய் 'மை கொன்டாக்ட்ஸ்' என்று மாற்றி வைத்தால், இலக்கம் தெரியாத ஆட்கள் பிள்ளையை நினைத்த குரூப்பில் எல்லாம் சேர்க்க முடியாது. குரூப்பை நடத்தும் அட்மினுக்கு மற்றவர்கள் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் இல்லாமல் அழிக்க முடியும். ஆகவே அட்மின் யாரென்று பார்த்து, சாட்சி எடுத்த பிறகு அவரிடம் கேட்கலாம். இன்னொன்று, பேஸ்புக், டிக்டொக் இரண்டிலும் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை கணக்கு வைக்க அந்த நிறுவனங்களின் விதியே இடம் தராது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் திறந்து கொடுத்துவிட்டு, "எம் மகன் எவ்வளவு கெட்டிக்காரன்" என்று பெருமை பேசுகிற மாமாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள்!

அம்மா அரை நாள் லீவு போட்டுப் பாடசாலைக்குப் போனார். தனியாகப் போகாமல், தோட்டத்தின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. பெரிய மேசைக்கு முன்னால் நிற்கும்போது நமக்குப் பேச்சு வராது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் வரும். ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டி, "தண்டன குடுங்கன்னு கேக்க வரல்ல சேர். இது நிக்கனும். எம் புள்ள பயமில்லாம வரனும்" என்றார். படம் பிடித்த மாணவனின் வீட்டாரையும் அதிபர் அழைத்தார். பாடசாலை காது கொடுக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். வலயக் கல்விப் பணிமனைக்கும் எழுதிக் கொடுக்கலாம்.

எல்லாம் பாடசாலையோடு முடிகிற விஷயங்களும் அல்ல. நம்முடைய லயங்களில் குளிப்பது பெரும்பாலும் பொதுப் பீலியில். மறைப்பு இல்லாத பீலியில் குளிக்கிற பிள்ளையை மறைந்திருந்து படம் எடுப்பது, பிறகு அதைக் காட்டிப் பயமுறுத்துவது, "சொன்னபடி கேள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் போட்டுவிடுவேன்" என்பது: இது கேலி இல்லை, குற்றம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும், வைத்திருப்பதும், பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி குற்றமாகும். பிள்ளை காதலில் ஏமாந்து தானே அனுப்பிய படம் என்றாலும், அதைப் பரப்புகிறவன்தான் குற்றவாளி. அப்படி வந்தால் ஊருக்குள் பேசி முடிக்கப் பார்க்க வேண்டாம். தலைவர் வீட்டில் வைத்து இரண்டு குடும்பத்தையும் சமாதானப்படுத்தினால், படம் அழிந்துவிடாது. பயமுறுத்துகிறவனுக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். பொலிஸில் சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறையிடுங்கள், அல்லது 1929 க்குப் பேசுங்கள். பீலிக்கு ஒரு மறைப்புக் கட்டித் தரும்படி தோட்ட நிர்வாகத்திடமும் சேர்ந்து கேளுங்கள். நாலு தகரம் போதும்.

படம் அனுப்புகிற பிள்ளை நம்முடைய பிள்ளையாகவும் இருக்கலாம். இதைக் கேட்க எந்தத் தாய்க்கும் விருப்பமிருக்காது. அப்படி முறைப்பாடு வந்தால் "எம் புள்ள அப்படிச் செய்ய மாட்டான்" என்று சண்டைக்கு நிற்பதும் பிழை, கம்பெடுத்து அடிப்பதும் பிழை. அடித்தால், அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் செய்யத்தான் பழகுவான். அந்தப் பிள்ளை மூன்று மாதம் சாப்பிடவில்லை என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். படத்தை அவன் கையாலேயே அழிக்க வைத்து, யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களிடமும் அழிக்கச் சொல்ல வையுங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கும்போது நீங்களும் கூடப் போங்கள். மற்றவர்களைத் துன்புறுத்துகிற பிள்ளையின் மனதிலும் ஏதாவது கஷ்டம் இருக்கக்கூடும். வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தால் அதையும் யோசியுங்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் பாரமான விஷயம். "நா இல்லாட்டி நல்லா இருக்கும்", "எல்லாம் முடிஞ்சிரும்" என்று பிள்ளை சொன்னாலோ, எழுதினாலோ, ஆசையாக வைத்திருந்த சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, "சாகனும் போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல; கேட்டால் பிள்ளைக்கு ஆறுதல்தான் வரும். ஆமாம் என்று சொன்னால் திட்டாமல், பிரசங்கம் செய்யாமல், தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வீட்டில் களைமருந்து, பூச்சிமருந்து, மிச்சக் குளிசைகள் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டி வையுங்கள். 1995 இல் நமது நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை இருந்தது. ஆபத்தான பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மன வேதனையின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். அப்படிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகும் வாழத்தான் செய்கிறார்கள்.

மனநல கிளினிக்குக்குப் போனால் "பைத்தியம்" என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் லயங்களில் இன்னும் இருக்கிறது. கை முறிந்தால் கட்டுப் போடுவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. நமது கதைப் பிள்ளையும் ஆதார வைத்தியசாலை கிளினிக்குக்கு நாலைந்து தடவை போனாள். மருந்து கூடத் தரவில்லை, பேசினார்கள், அவ்வளவுதான். வயிற்றுவலி ஒரே நாளில் நிற்கவில்லை. ஒரு தவணை முழுக்க அப்பப்போ வந்து போனது. ஆனால் கார்மென்ட் பேச்சு நின்றுவிட்டது.

கீழே உள்ள இலக்கங்களை வெட்டி எடுத்து, லைட் பில் வைக்கிற இடத்தில் ஒட்டி வையுங்கள். தமிழில் பேசுகிற ஆள் வேண்டும் என்று கேட்டுப் பேசலாம். பிள்ளை தானே பேசவும் முடியும்.

1929 – தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை
1926 – தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்
119 – பொலிஸ்
1990 – சுவசெரிய அம்புலன்ஸ்